கத்தோலிக்க ஸ்கூல்ல எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைங்க என்னதான் கத்துக்கறாங்க? சேலம், ஏற்காடு பெற்றோர் கேக்கற கேள்விகள்

அட்மிஷன் நேரம் வந்தாலே அப்பா அம்மாங்க கேக்கறது கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேள்விங்கதான். கேட்டுக்கு வெளிய நின்னு பாதி கேப்பாங்க, பாதிய கேக்க கூச்சப்பட்டு அப்படியே போயிடுவாங்க. நான் கே.ஜி. மிஸ்ஸா மொதல்ல ஏற்காட்டுல இருந்தேன், இப்ப சேலம் டவுன்ல இருக்கேன், நானும் கத்தோலிக்கதான். எந்த ஸ்கூலோட சார்பாவும் இத எழுதல, அதனால நான் வேலை பாக்கற ஸ்கூல் பேர் இதுல வராது.

காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஜெபம்தான் சொல்லிக் குடுப்பாங்களா?

இல்லங்க. கடிகாரத்த வச்சு பாத்தா ஜெபத்துக்குப் போற நேரம் ரொம்ப கம்மி. காலைல அசெம்பிளில ஒரு சின்ன ஜெபம், ஸ்நாக்ஸ் டப்பா திறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வரி, வீட்டுக்குப் போகும்போது ஒண்ணு, அவ்ளோதான். மீதி நேரம் எல்லா ஸ்கூல்லயும் நடக்கறதுதான், ரைம்ஸ், ஃபோனிக்ஸ், அ ஆ இ ஈ, களிமண்ணு, பிளாக்ஸ், மணல்ல விளையாடறது, கதை, கொஞ்சம் தூக்கம்.

ஆனா வித்தியாசமே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், இருக்கு. ஸ்நாக்ஸுக்கு முன்னாடி சொல்ற அந்த ரெண்டு வரிக்காக இருபது முப்பது பிள்ளைங்களும் டப்பாவ திறந்து வச்சுட்டு கைய வைக்காம உக்காந்திருக்கும், பக்கத்துல இருக்கறவன் இன்னும் மூடியோட மல்லுக்கட்டிட்டு இருந்தா அவன் திறக்கற வரைக்கும் மத்தவங்க காத்திருப்பாங்க, திறக்க முடியலன்னா ஒருத்தி எந்திரிச்சுப் போய் திறந்து குடுப்பா. மூணரை வயசுல முறுக்க கண்ணு முன்னாடி வச்சுட்டு காத்திருக்கறது எவ்ளோ பெரிய விஷயம்னு வீட்டுல பிள்ளை இருக்கறவங்களுக்குத் தெரியும். என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த வயசுல ஜெபம்னா முக்கால்வாசி இதுதான். வார்த்தை அப்புறமா வந்து சேந்துக்கும்.

சரி, என்னென்ன கதைங்க சொல்வீங்க?

இதுக்கு கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன், எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இது.

உலகம் படைச்ச கதை, நோவா பேழை, தாவீதும் கோலியாத்தும், புயல அடக்கினது, அஞ்சு அப்பமும் ரெண்டு மீனும், சக்கேயு, நல்ல சமாரியன், காணாமப் போன ஆடு, நல்ல ஆயன். எல்.கே.ஜி.க்கு இதுக்கு மேல தேவையே இல்ல, ஒரே கதைய பத்து வாட்டி சொன்னாலும் பதினொண்ணாவது வாட்டி கேக்கும் அதுங்க.

சக்கேயு கதைக்கு எப்பவுமே கிராக்கி, ஏன்னா அவரு குள்ளம். கூட்டத்துல ஒண்ணுமே தெரியாம மரத்து மேல ஏறினாருன்னு சொல்லும்போது பிள்ளைங்களுக்கு விளக்கம் வேண்டியதில்ல, கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைல அப்பா தோள்ல ஏறினாத்தான் ஏதாவது தெரியும்னு அதுங்களுக்கே தெரியும். மலைல இருந்தப்ப எஸ்டேட்ல இருக்கற சில்வர் ஓக் மரத்தக் காட்டி இதுலயா மிஸ் ஏறினாருன்னு கேப்பாங்க. அது வேற ஊரு, வேற மரம், அத்தி மர வகைன்னு சொல்லி வைப்பேன்.

நல்ல ஆயன் கதைல ஒரு சிக்கல் உண்டு. கடைல வாங்கற சார்ட்ல ஆடு வெள்ளை வெளேர்னு பஞ்சு மாதிரி இருக்கும். நம்ம ஜில்லாவோட மேச்சேரி செம்மறி செவலை நிறம், உடம்புல அந்த மாதிரி சுருட்டை முடி இருக்காது. மேச்சேரி, மேட்டூர் பக்கம் சொந்தக்காரங்க இருக்கற பிள்ளைங்க சார்ட்டப் பாத்துட்டு இது ஆடே இல்ல மிஸ்னு அடிச்சு சொல்லும், அதுங்க சொல்றதும் நியாயந்தானே. அதனால நான் களிமண்ணுல செவலை ஆடு செஞ்சு தீப்பெட்டில பட்டி கட்டி வச்சுக்குவேன். ஆயன் ஒவ்வொரு ஆட்டையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாருன்னு யோவான் நற்செய்தி 10-ம் அதிகாரத்துல வருது, அந்த எடத்துல பிள்ளைங்க ஆளாளுக்கு ஒரு ஆட்ட எடுத்து பேரு வைக்கும். அதுல ஒரு ஆட்டுக்கு அவங்க பேரையே வச்சுக்குவாங்க, இத நான் சொல்லித் தந்ததே இல்ல.

இத ஒரு முறையாவே வளத்தவங்க ரோம்ல இருந்தாங்க, சோஃபியா காவல்லெத்தின்னு விவிலியம் படிச்ச அம்மா, கூட ஜியான்னா கோபின்னு ஒரு மாண்டிசோரி டீச்சர், 1954-ல ஆரம்பிச்சாங்க. மூணுல இருந்து ஆறு வயசு வரைக்கும் பிள்ளைக்கு பயத்தையோ கட்டளையையோ மொதல்ல குடுக்காதீங்க, பேர் சொல்லிக் கூப்பிடற ஆயன மொதல்ல குடுங்கங்கறதுதான் அவங்க கண்டது. நம்ம ஊர் கிளாஸ்ல அந்த முறை முழுசா கிடையாது, ஆனா மரப்பொம்மைய வச்சு கதை சொல்லிட்டு அப்புறம் பிள்ளை கைலயே குடுத்துடறது எந்த ஏழை ஸ்கூல்லயும் முடியும்.

கடுகு விதை உவமைக்கு செலவே இல்ல. ஈரப் பஞ்சுல கடுகப் போட்டு ஜன்னலோரம் வச்சா ரெண்டு மூணு நாள்ல முளை விடும், அத தினமும் ஓடி ஓடிப் பாக்கறதுலயே பாதி பாடம் முடிஞ்சிடும்.

சொல்லக் கூடாத கதையும் இருக்கு. ஏரோது குழந்தைங்களக் கொன்னது, ஆபிரகாம் ஈசாக்க பலி குடுக்கப் போனது, இதெல்லாம் பெரிய கிளாஸுக்கு. இயேசு சிலுவைல பட்ட பாட்ட சொல்லும்போது ஆணி, ரத்தம், முள்முடின்னு விவரிக்கற மிஸ்ஸுங்க இருக்காங்க, எனக்கு அதுல சம்மதமில்ல. இயேசு இறந்தாரு, மூணாம் நாள் உயிரோட எந்திரிச்சாரு, ரெண்டையும் ஒரே நாள்ல ஒரே மூச்சுல சொல்லிடணும். பெரிய வெள்ளி வரைக்கும் சொல்லிட்டு லீவுக்கு அனுப்பிச்சா பிள்ளை ராத்திரில பயந்து எந்திரிக்கும்.

நாங்க இந்து குடும்பம். பிள்ளைய மதம் மாத்திடுவாங்களான்னு மாமியார் கேக்கறாங்க, என்ன சொல்றது?

மாத்த முடியாதுங்க, மாத்தவும் கூடாது. அரசியலமைப்புல 28(3) பிரிவு இருக்கு, அரசு அங்கீகாரமோ உதவியோ வாங்கற ஸ்கூல்ல மதப் போதனைலயோ வழிபாட்டுலயோ யாரையும் கட்டாயமா கலந்துக்க வைக்கக் கூடாது, சின்ன பிள்ளைன்னா பெத்தவங்க சம்மதம் வேணும்னு. இந்த பக்கம் திருச்சபை சட்டம் 868-ம் அதையேதான் சொல்லுது, சாதாரணமா அப்பா அம்மால ஒருத்தராவது சம்மதிக்காம குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்க முடியாது. 2024-ல இந்திய ஆயர் பேரவை, அதாவது பிஷப்புங்க அமைப்பு, கத்தோலிக்க ஸ்கூல்களுக்கு அனுப்பின வழிகாட்டுதல்லயும் மத்த மதத்துப் பிள்ளைங்க மேல நம்ம வழக்கத்த திணிக்காதீங்க, அசெம்பிளில அரசியலமைப்போட முகப்புரைய வாசிங்கன்னு இருக்கு.

பெரிய கிளாஸ்ல கத்தோலிக்கப் பிள்ளைங்களுக்கு மறைக்கல்விங்கற மதப் பாடம், மத்தவங்களுக்கு நல்லொழுக்கம்னு பீரியட் பிரிஞ்சிடும். கே.ஜி.ல பல எடத்துல பிரிக்கறதில்ல, எல்லாரும் ஒண்ணாத்தான் உக்காந்து கதை கேப்பாங்க. உங்களுக்கு அது வேணாம்னா அட்மிஷன் அன்னிக்கே ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர்கிட்ட நேரடியா சொல்லுங்க, சங்கடமே படாதீங்க. கேட்டுட்டு முகம் சுளிக்கற ஸ்கூலா இருந்தா அங்க சேக்காதீங்கன்னுதான் நான் சொல்வேன்.

மாமியாருக்கு இன்னொண்ணும் சொல்லுங்க. என் கிளாஸ்ல விபூதி வச்சுட்டு வர பிள்ளை விபூதியோடதான் ஜெபத்துக்கு நிக்கும், நான் அத துடைச்சதில்ல, துடைக்கவும் விட்டதில்ல.

பையன் வீட்டுக்கு வந்து “நம்ம சாமி பொய் சாமியா”ன்னு கேக்கறான். யாரு சொல்லிக் குடுத்தது?

பெரும்பாலும் பக்கத்து பெஞ்சு. நாலு வயசுப் பிள்ளைங்க எங்க சாமி பெருசு உங்க சாமி பெருசுன்னு சண்டை போடும், எங்க வண்டி பெருசு உங்க வண்டி பெருசுன்னு போடற அதே மூச்சுல. ஆனா ஒரு மிஸ் வாயில இருந்து அது வந்திருந்தா அது பெரிய தப்பு, விடாதீங்க, ஸ்கூல்ல போய் கேளுங்க.

என்கிட்ட இந்த சண்டை வந்தா ரெண்டு பேரையும் கூப்பிட்டு உங்க வீட்டுல எப்படி கும்பிடுவீங்க, காட்டுன்னு கேப்பேன். ஒருத்தன் கைய தலைக்கு மேல தூக்குவான், ஒருத்தி முட்டி போடுவா, இன்னொருத்தன் ரெண்டு கையையும் முன்னாடி ஏந்திக் காட்டுவான். எல்லாரும் எல்லாத்தையும் ஒரு வாட்டி செஞ்சு பாத்துட்டு சிரிச்சுட்டுப் போயிடும்.

சாமி கண்ணைக் குத்தும்னு சொல்லி அடக்குவீங்களா? எங்க வீட்டுல அப்படித்தான் அடக்கறோம்…

மாட்டோம், நீங்களும் சொல்லாதீங்க, ப்ளீஸ். இந்த ஒரு விஷயத்துல எனக்கு கோவமே வரும். இது இந்து வீடு கிறிஸ்தவ வீடுன்னு இல்ல, எல்லா வீட்டுலயும் இருக்கு, எங்காளுங்க இயேசப்பா அடிப்பாரும்பாங்க, நரகம்பாங்க, சாத்தான் புடிச்சுக்குவான்பாங்க. பிள்ளை அத அப்படியே நம்பிடும், ஏன்னா அம்மா சொன்னா அது நெசம். அப்புறம் கண்ணு வலி வந்த ஒரு பிள்ளை நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சுட்டு உக்காந்திருக்கும்.

நாங்க சொல்றது வேற. அவன் டவர நீ தட்டி விட்டுட்ட, அவன் அழறான் பாரு, இப்ப என்ன பண்ணலாம்? பிள்ளை போய் திரும்ப அடுக்கித் தரும், சாரி சொல்லும், சில நாள் சொல்லாது. சொல்லலன்னாலும் அடுக்கித் தந்தா போதும். மன்னிப்புங்கற பாடம் இங்கதான் ஆரம்பிக்குது, ஃபாதர்கிட்ட பாவத்த சொல்லி மன்னிப்பு கேக்கற பாவசங்கீர்த்தனமெல்லாம் அதுக்கு பல வருஷம் கழிச்சு.

கத்தோலிக்கப் பிள்ளைங்க எந்தெந்த ஜெபம் தெரிஞ்சு வச்சிருக்கணும்?

சிலுவை அடையாளம் மொதல்ல. பாக்க சுலபம், சொல்லித் தரது கஷ்டம். மிஸ் பிள்ளைங்களப் பாத்து நின்னுட்டு வலது கையால போட்டா எதிர்ல இருக்கற பிள்ளை கண்ணாடில பாக்கற மாதிரி இடது கையால போடும். அதனால நான் முதுகக் காட்டி அதுங்க பாக்கற பக்கமே நின்னுக்குவேன், நெத்தி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். வீட்டுல சொல்லித் தரவங்க பிள்ளைய மடில முன்பக்கமா உக்கார வச்சு கையப் புடிச்சு போட்டு விடுங்க, ஒரு வாரத்துல வந்துடும்.

அப்புறம் அருள் நிறைந்த மரியே, விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே, காவல் தூதர் ஜெபம். இதுல விண்ணுலகில் இருக்கிறங்கறது, அதாவது கர்த்தர் கற்பித்த ஜெபம், நீளம், யு.கே.ஜி. முடியும்போது பாதி தப்பும் பாதி சரியுமா வந்தாலே போதும். பாட்டிங்க காவல் தூதர் ஜெபத்த சர்வேசுரனுடைய சம்மனசேன்னு பழைய தமிழ்ல சொல்லிக் குடுத்திருப்பாங்க, ஸ்கூல்ல புதுசா வேற மாதிரி சொல்லிக் குடுப்போம், ரெண்டும் இருக்கட்டும், பாட்டிய திருத்த வேணாம்.

இங்கிலீஷ் மீடியம்ங்கறதால ஜெபமும் இங்கிலீஷ்லயே சொல்லணும்னு நிறைய ஸ்கூல்ல ஆயிடுச்சு. எனக்கு இது வருத்தம். வீட்டுல தமிழ், கோயில், அதாவது சர்ச், பூசைல தமிழ், ஸ்கூல்ல மட்டும் புரியாத வார்த்தைய கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கறதுல என்ன கிடைக்குது? அம்மாபேட்டை பக்கம் வீட்டுல சௌராஷ்டிரா பேசற பிள்ளைங்க, தெலுங்கு, கன்னடம் பேசற பிள்ளைங்க எல்லாம் ஏற்கனவே ரெண்டாவது பாஷையா தமிழ கத்துக்கிட்டு வருதுங்க, அதுங்களுக்கு ஜெபத்துல மூணாவதா ஒண்ணு எதுக்கு?

அட்வென்ட், தவக்காலம் இதெல்லாம் இவ்ளோ சின்னப் பிள்ளைக்குப் புரியுமா?

அட்வென்ட்னா கிறிஸ்துமஸுக்கு முன்னாடி காத்திருக்கற வாரங்க, தவக்காலம்னா ஈஸ்டருக்கு முன்னாடி வர நாப்பது நாள். கலரா சொன்னா புரியும். பூசைல சாமியார், அதாவது ஃபாதர், போடற அங்கி ஊதான்னா எதுக்கோ காத்திருக்கோம், வெள்ளைன்னா கொண்டாட்டம், பச்சைன்னா சாதாரண நாள், சிவப்புன்னா தூய ஆவி, இல்லன்னா விசுவாசத்துக்காக உயிர விட்ட வேதசாட்சிங்க. இத யு.கே.ஜி. பிள்ளைங்க ஞாயித்துக்கிழமை கோயில்ல அப்பா அம்மாவுக்கே சொல்லித் தரும்.

டிசம்பர்ல நாலு மெழுகுவத்தி வச்ச வளையம், வாரத்துக்கு ஒண்ணு, மூணாவது மட்டும் ரோஸ். குடில் கட்டறப்ப மாட்டுத்தொழுவத்துக்கு வைக்கோல் பிள்ளைங்க கொண்டு வரும். தவக்காலத்துல ஆளுக்கொரு உண்டியல், சாக்லேட் வாங்கற காசுல கொஞ்சம் அதுல போடறது, அந்தக் காசு யாருக்குப் போகுதுன்னு கட்டாயம் சொல்லிடணும், முடிஞ்சா நேர்ல காட்டணும். குருத்தோலைல சிலுவை மடிக்க சொல்லித் தருவோம். போன வருஷத்து குருத்தோலைய எரிச்ச சாம்பல்தான் சாம்பல் புதனுக்கு நெத்தில பூசறதுன்னு சொன்னா வாயத் திறந்துட்டு கேப்பாங்க. காவல் தூதர்கள் திருநாள் அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி லீவு, அதனால எப்பவும் ஒரு நாள் முன்னாடியே கொண்டாடிடுவோம்.

தாத்தா போன மாசம் இறந்துட்டாரு. பாப்பா அவரு எங்கன்னு கேட்டுட்டே இருக்கா. ஸ்கூல்ல இதெல்லாம் பேசுவீங்களா?

பேசுவோம். தூங்கறாருன்னு மட்டும் சொல்லாதீங்க, அப்புறம் தூங்கவே பயப்படுவா. ஊருக்குப் போயிருக்காருன்னும் சொல்லாதீங்க, நம்மகிட்ட சொல்லாம போயிட்டாரேன்னு காத்துட்டு இருப்பா. தாத்தா இறந்துட்டாரு, அவரு உடம்பு இனிமே வேலை செய்யாது, அவரு கடவுள்கிட்ட இருக்காருன்னு நாங்க நம்பறோம், இப்படித்தான் நான் சொல்வேன். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு கத்தோலிக்க வீடுகள்ல பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போய் பூ வச்சு மெழுகுவத்தி ஏத்துவாங்க, கூட்டிட்டுப் போங்க, அதுல தப்பில்ல. இந்து வீட்டுப் பிள்ளைன்னா அவங்க வீட்டுல என்ன சொல்லியிருக்காங்கன்னு மொதல்ல கேட்டுக்குவேன், அதுக்கு மேல ஒரு வார்த்தை சேக்க மாட்டேன். மிஸ்கிட்ட முன்கூட்டியே விஷயத்த சொல்லிடுங்க, அது ரொம்ப உதவியா இருக்கும்.

ஏபிசிடி எப்ப எழுதுவான்? பக்கத்து வீட்டுப் பையன் எல்.கே.ஜி.லயே ஒரு பக்கம் எழுதறான்.

எழுதட்டும். மூணரை வயசு விரலுக்கு பென்சில் புடிக்கற பலம் எல்லாருக்கும் ஒரே நேரத்துல வராது. மாவு பிசையறது, பட்டன் போடறது, ஒரு டம்ளர்ல இருந்து இன்னொண்ணுக்கு சிந்தாம தண்ணி ஊத்தறது, இதெல்லாம்தான் எழுத்துக்கு அஸ்திவாரம். மரியா மாண்டிசோரி 1907-ல ரோம்ல சான் லொரென்சோங்கற ஏழைங்க குடியிருப்புல பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்ச வீட்டுலயே இதத்தான் செஞ்சாங்க. அந்தம்மா கத்தோலிக்க, 1939-ல நம்ம சென்னை அடையாறுக்கு வந்து டீச்சர்ஸுக்கு ட்ரெயினிங் குடுத்தாங்க, உலகப் போர் சமயத்துல கொடைக்கானல்ல இருந்தாங்க. ஆனா சிஸ்டர் நடத்தற ஸ்கூல்னாலே மாண்டிசோரின்னு நினைச்சுக்காதீங்க, நிறைய எடத்துல அலமாரி நிறைய சாமான் பூட்டிதான் கிடக்கும். கிளாஸ் ரூம எட்டிப் பாக்கும்போது சாமான் பிள்ளை கைக்கு எட்டற உயரத்துல இருக்கா, அழுக்காகி தேஞ்சு போயிருக்கா பாருங்க. புதுசா மின்னுச்சுன்னா யாரும் தொடறதில்லன்னு அர்த்தம்.

அடிப்பாங்களா?

கூடாது. சட்டப்படி தப்பு. நடந்தா அன்னிக்கே போய் கேளுங்க.

புதுநன்மை கே.ஜி.லயே குடுப்பாங்களா?

இல்ல. புதுநன்மைன்னா பூசைல மொதல் வாட்டி நற்கருணை, அதாவது அந்த அப்பத்த, வாங்கறது. 1910-ல பத்தாம் பத்திநாதர் பாப்பரசர்தான் விவரம் தெரியற வயசு, அதாவது சுமார் ஏழு வயசு வந்தா நற்கருணை குடுக்கலாம்னு இறக்கினாரு, அதுக்கு முன்னாடி பத்து, பன்னெண்டு வயசு வரைக்கும்கூட காத்திருந்தாங்க. நம்ம பங்குகள்ல இன்னும் கொஞ்சம் தள்ளி, மூணாவது நாலாவது படிக்கறப்பதான் பெரும்பாலும் குடுக்கறாங்க. எல்.கே.ஜி. பிள்ளை பூசைல எனக்கும் அப்பம் வேணும்னு அடம்புடிச்சா கூடவே கூட்டிட்டுப் போங்க, நிறைய சாமியாருங்க நெத்தில சிலுவை போட்டு ஆசீர்வாதம் குடுப்பாங்க.

ஏற்காட்டுல சேக்கலாமா, சேலத்துலயே சேக்கலாமா?

பேரு பெருசுங்கறதுக்காக கேக்கறீங்கன்னா ஏற்காட்டுக்கு அந்தப் பேரு ரொம்ப காலமாவே இருக்கு. காப்ரியேல் சபை பிரதர்ஸ் நடத்தற மான்ஃபோர்ட் 1917-ல ஆரம்பிச்சது, குளூனி சிஸ்டர்ஸோட கான்வென்ட்டும் பழசு. சேலத்துக்குன்னு தனி பிஷப் இருக்கற மறைமாவட்டமே 1930-லதான் வந்துச்சுன்னா பாத்துக்கங்க.

ஆனா கே.ஜி. வயசுக்கு பேரு முக்கியமில்ல, தூரம்தான் முக்கியம். அடிவாரத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, தினமும் ஒரு நாலு வயசுப் பிள்ளைய அதுல ஏத்தி எறக்கறது கொடுமை, வாந்தி எடுத்தே துவண்டுடும். ஹாஸ்டல்ல விடலாமான்னும் கேக்கறாங்க. வேண்டவே வேண்டாம். பிள்ளைக்கு மொதல் ஆசிரியர் பெத்தவங்கதான்னு ரெண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல கல்வி பத்தின அறிக்கைல சொல்லியிருக்கு, அந்த மொதல் ஆசிரியர்கிட்ட இருந்து பிள்ளையப் பிரிச்சுட்டு அப்புறம் நாங்க என்னத்த சொல்லித் தரது?

மலை மேலயே குடியிருக்கறவங்களுக்கு அது நல்ல எடம். எஸ்டேட்ல வேலை செய்யறவங்க பிள்ளைங்களும், மலையாளின்னு பேரு இருக்கற நம்ம மலைப் பழங்குடி கிராமத்துப் பிள்ளைங்களும், பங்களா வீட்டுப் பிள்ளைங்களும் ஒரே கிளாஸ்ல உக்காரற ஸ்கூல் எதுன்னு விசாரிங்க, அதுல சேருங்க. காப்பிப் பழம் பறிக்கற சீசன்ல அம்மா விடியக்காலைல போயிடுவாங்க, பிள்ளை சாப்பிடாமலே வந்து நிக்கும், அப்ப பக்கத்துல இருக்கறது டப்பாவ நகத்தி வைக்கும். நல்ல சமாரியன் கதைய அன்னிக்கு நான் தனியா சொல்ல வேண்டியதில்ல.

அட்மிஷனுக்கு என்னென்ன வேணும்? கத்தோலிக்கன்னா சீட் உறுதியா?

ஜூலை 31-க்குள்ள மூணு வயசு முடிஞ்சிருந்தா எல்.கே.ஜி. பிறப்புச் சான்றிதழ், ஆதார், போட்டோ. கத்தோலிக்கன்னா ஞானஸ்நான சான்றிதழும் பங்குத்தந்தை லெட்டரும் கேப்பாங்க, ஞானஸ்நானம் எந்த கோயில்ல நடந்துச்சோ அங்கதான் சான்றிதழ் தருவாங்க, அதனால தூரத்து ஊர்ல குடுத்திருந்தா டிசம்பர் லீவுலயே போய் வாங்கி வச்சுக்கங்க. சீட்டுல முன்னுரிமை இருக்கும், உறுதின்னு யாரும் சொல்ல முடியாது. கல்வி உரிமைச் சட்டத்துல ஏழைப் பிள்ளைங்களுக்குன்னு வர 25 சதவீத சீட்டு கத்தோலிக்க ஸ்கூல் மாதிரி சிறுபான்மை ஸ்கூல்களுக்குப் பொருந்தாதுன்னு 2014-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அதனால அந்தக் கோட்டாவ நம்பி இருக்கறவங்க வேற ஸ்கூலுக்கும் சேத்து அப்ளை பண்ணி வைங்க. ஃபீஸ் கட்ட முடியலன்னா கூச்சப்படாம சிஸ்டர்கிட்டயோ ஃபாதர்கிட்டயோ தனியா கேளுங்க, ஜூன்ல கேக்கறத விட ஃபார்ம் குடுக்கறப்பவே கேட்டா வழி பண்ண அவங்களுக்கும் நேரம் இருக்கும்.